சதவீதத்தைச் சுருங்கிய பின்னமாக்க இரண்டும் ஐந்தும் போதும்

தம்பி, குடியாத்தத்தில் இருந்துகொண்டு குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதாகவும், சதவீதத்தைச் சுருங்கிய பின்னமாக மாற்றும் கணக்கில் மூன்று இடங்களில் தடுமாறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 62.5 சதவீதத்தில் அந்தப் புள்ளியை என்ன செய்வது என்று தெரியவில்லை. 69 சதவீதத்தை 3ஆல் வகுத்தும் 7ஆல் வகுத்தும் பார்த்தீர்கள், சுருங்கவில்லை. 33⅓ சதவீதத்துக்கு 333/1000 என்று எழுதினால் தவறு என்கிறார்கள். மூன்றும் வேறு வேறு கணக்குகள் என்று நினைத்து மூன்று குறுக்குவழி கேட்கிறீர்கள். ஒரே வழிதான் இருக்கிறது, அது மூன்றுக்கும் போதும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சதவீதம் என்பதே பின்னம்தான். பகுதி, அதாவது பின்னத்தின் கீழ் எண், எப்போதும் 100 என்பதால் அதை எழுதாமல் ஒரு குறியைப் போட்டு நிறுத்துகிறோம். நம் பக்கத்தில் நிலம் பேசுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு ஏக்கருக்கு 100 சென்ட். 50 சென்ட் வைத்திருப்பவர் அரை ஏக்கர் என்றுதான் சொல்வார். 25 சென்ட் கால் ஏக்கர், 75 சென்ட் முக்கால் ஏக்கர். பேர்ணாம்பட்டு சந்தையில் நின்று பேசுகிற விவசாயி மனக்கணக்காகச் செய்யும் இந்த வேலையைத்தான் தேர்வுத்தாள் 'எளிய வடிவில் எழுதுக' என்று கேட்கிறது.

இப்போது அந்த 100ஐப் பிரித்துப் பாருங்கள். 100 = 2 × 2 × 5 × 5. இதற்குள் 2, 5 என்ற இரண்டு பகா எண்கள் மட்டுமே இருக்கின்றன. பின்னம் சுருங்க வேண்டுமானால் மேலே உள்ள தொகுதியையும் கீழே உள்ள பகுதியையும் ஒரே எண் வகுக்க வேண்டும். கீழே 3 இல்லை, 7 இல்லை, 11 இல்லை. எனவே மேலே அவை இருந்தும் பயனில்லை. 69 = 3 × 23. இந்த 3ஐயும் 23ஐயும் அடிக்கக் கீழே இணை எண் கிடையாது. ஆகவே 69/100 என்பதே இறுதி விடை. பயமில்லாமல் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். பின்னம் என்றால் சுருங்கியே தீர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பல மாணவர்கள் இரண்டு நிமிடத்தை இழக்கிறார்கள்.

69 என்பது நம் மாநில இடஒதுக்கீட்டின் மொத்த அளவு என்பதால் அடிக்கடி கண்ணில் படும் எண். அதன் உட்பிரிவுகளைப் பாருங்கள்: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. பின்னமாக எழுதினால் 3/10, 1/5, 9/50, 1/100. முதல் மூன்றும் சுருங்குகின்றன. ஆனால் நான்கையும் கூட்டப் பொதுப் பகுதி எடுக்கும்போது மறுபடியும் 100க்கே வந்து நிற்கிறோம்.

முழு எண் சதவீதமாக இருந்தால் கடைசி இலக்கம் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 1, 3, 7, 9 என்று முடிந்தால் சுருங்காது. 1 முதல் 100 வரை இப்படி 40 எண்கள் இருக்கின்றன. அந்த நாற்பதிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 2, 4, 6, 8 என்று முடிந்தால் 2ஆல் வகுபடும். 4ஆலும் வகுபட்டால் பகுதி 25 ஆகும், இல்லையென்றால் 50. ஆகவே 84 சதவீதம் 21/25, 86 சதவீதம் 43/50. 5 என்று முடிந்தால் பகுதி 20. 25, 75 இரண்டுக்கு மட்டும் 4. பூஜ்யத்தில் முடிவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடித்து வகுக்கச் சொல்லி வகுப்பில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அது சரியான முறைதான், எந்தப் பின்னத்துக்கும் பொருந்தும். ஆனால் இங்கே பகுதி 100 என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2ஆல் போகிறதா, 5ஆல் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்ற இடத்தில் நிறுத்துங்கள்.

புள்ளி வைத்த எண்ணுக்கு வருவோம். 62.5 சதவீதம். 62.5/100 என்று எழுதி அப்படியே விட்டுவிடக் கூடாது; தொகுதியில் புள்ளி இருக்கும்வரை அது எளிய வடிவம் ஆகாது. மேலும் கீழும் 10ஆல் பெருக்கினால் 625/1000. 10ஆல் பெருக்கியதால் பகுதியில் புதிதாகச் சேர்ந்தது இன்னொரு 2, இன்னொரு 5, அவ்வளவுதான். பழைய இரண்டு எண்களே வகுக்கப் போதும். 5ஆல் வகுத்தால் 125/200, மறுபடி 25/40, மறுபடி 5/8. மேலே 5, கீழே 8. இனி பொதுவாக எதுவும் இல்லை. 62.5 என்பதை 62½ என்று பார்க்கத் தெரிந்தவர் இன்னும் சீக்கிரம் முடிப்பார்: அது 125/2, நூற்றால் வகுத்தால் 125/200, 25ஆல் அடித்தால் 5/8.

இதே வழியில் 7.5 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். 75/1000, சுருக்கினால் 3/40. அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த உள் ஒதுக்கீடு இந்த 7.5 சதவீதம்தான். 7.5 என்று கேட்டால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. 40 இடத்தில் 3 இடம் என்றால் உடனே தெரிகிறது. சுருக்குவதன் பயன் இதுதான், மதிப்பெண் இரண்டாம் பட்சம்.

ஒன்றுக்குக் கீழே போகும் சதவீதம்தான் அதிகம் ஏமாற்றும். 0.9 சதவீதத்தை 9/10 என்று எழுதிவிடுகிறார்கள். 0.9 என்ற எண் 9/10 என்பது உண்மை; அதற்குப் பின்னால் சதவீதக் குறி இருப்பதை மறந்துவிட்டால் விடை நூறு மடங்கு பெரிதாகிவிடும். 0.9 சதவீதம் = 9/1000. வேலூரில் மருத்துவமனை வார்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள். சலைன் பாட்டிலின் மேல் 0.9% என்று அச்சிட்டிருக்கும். 1000 மில்லி சலைனில் 9 கிராம் உப்பு, அரை லிட்டர் பாட்டிலில் 4.5 கிராம். அதே கம்பியில் தொங்கும் 5% டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 1/20. 500 மில்லியில் 25 கிராம் சர்க்கரை. 9/1000 என்பதும் 9/10 என்பதும் காகிதத்தில் இரண்டு பூஜ்ய வித்தியாசம். செவிலியர் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை நான் கண்டிப்போடு சொல்லித்தருவது இதனால்தான்.

இனி 33⅓. உங்கள் மூன்று கேள்விகளில் இதுவே முக்கியமானது, இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

33⅓ என்பது கலப்புப் பின்னம். அதைத் தகாபின்னமாக்குங்கள்: 100/3. இதை நூற்றால் வகுத்தால் 100/300, அதாவது 1/3. இப்போது பகுதியில் 3 வந்துவிட்டதே, 3ஆலும் வகுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 100/3 ஏற்கெனவே சுருங்கிய பின்னம். மேலே 3 இல்லை என்பதால்தான் கீழே 3 தங்கியிருக்கிறது. சதவீத எண்ணை முதலில் சுருங்கிய பின்னமாக எழுதிவிட்டால், அதன் பிறகு நூற்றால் வகுக்கும்போது அடிபடக்கூடியவை நூறுக்குள் இருக்கும் 2, 5 மட்டுமே. முழு எண்ணோ, புள்ளி எண்ணோ, கலப்புப் பின்னமோ, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விதி நிற்கிறது. 16⅔ என்றால் 50/3, பிறகு 50/300, பிறகு 1/6. 14 2/7 என்றால் 100/7, பிறகு 100/700, பிறகு 1/7.

33.3 என்று வெட்டி எழுதும்போது என்ன நடக்கிறது? 1/3ஐப் புள்ளியில் எழுதினால் 3 முடிவில்லாமல் ஓடும். எங்கே வெட்டினாலும் அது 1/3ஐவிடச் சிறிய எண். 333/1000 என்பது வேறொரு பின்னம், சுருங்கவும் சுருங்காது. ஒரு ஏக்கரை மூன்று பிள்ளைகளுக்குப் பாகம் பிரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மூன்றில் ஒரு பாகம் சரியாக 14,520 சதுர அடி, மிச்சம் இல்லாமல். ஆளுக்கு 33.33 சென்ட் என்று எழுதினால் மூவருக்கும் சேர்த்து 99.99 சென்ட், நான்கு சதுர அடிக்குச் சற்று மேலே நிலம் யார் பெயரிலும் இல்லாமல் நிற்கும். நான்கு சதுர அடிக்கு யார் சண்டை போடுவார்கள் என்று நினைக்கலாம். வேலிக்கல் நடும் இடத்தில் போடுவார்கள்! பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'மூன்றில் ஒரு பாகம்' என்று எழுதுவது எவ்வளவு அறிவுள்ள பழக்கம் என்று அப்போதுதான் புரியும்.

இன்னொரு எண் 8.33 சதவீதம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பல வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் இதை விட்டுவிட மனம் வரவில்லை. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் பின்னர் வந்த திருத்தம் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதம் ஆக்கியது; அதிகபட்சம் 20 சதவீதம். தீபாவளி நெருங்கினால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனி வாசலில் இந்த எண்தான் பேச்சாக இருக்கும். 8.33ஐ அப்படியே எடுத்தால் 833/10000; 833 என்பது 7 × 7 × 17, எனவே சுருங்காது, எதையும் சொல்லாது. ஆனால் அது உண்மையில் 8⅓. 25/3, பிறகு 25/300, பிறகு 1/12. பன்னிரண்டில் ஒன்று! வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். ஆக, குறைந்தபட்ச போனஸ் என்பது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தில் ஒரு மாதத்துச் சம்பளம். யாரோ 8.33 என்று ஒரு வினோதமான எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. மாதம் 7,000 ரூபாய் கணக்குச் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 84,000, அதில் 8.33 சதவீதம் 6,997 ரூபாய் 20 காசு. 1/12 என்றால் சரியாக 7,000.

வருங்கால வைப்பு நிதியிலும் இதே எண் வருகிறது. நிர்வாகம் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 3.67 சேமிப்புக் கணக்குக்கும் போகிறது. 12 சதவீதம் 3/25, அதாவது 36/300. அதில் 25/300 ஓய்வூதியத்துக்கு. மீதி 11/300. 15,000 ரூபாய் சம்பளத்துக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 1,800, ஓய்வூதியத்துக்கு 1,250, மீதி 550. சம்பளச் சீட்டில் 1,250 என்று முழு எண் ஏன் வருகிறது, கால்குலேட்டரில் 8.33 போட்டால் 1,249.50 ஏன் வருகிறது என்று கேட்காத தொழிலாளி இல்லை. பின்னத்தைக் காட்டினால் கேள்வி அடங்கிவிடும்.

அதற்காகப் புள்ளி எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஓர் அழகான பின்னம் ஒளிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நகைக்கடையில் பார்க்கும் 916 முத்திரை நல்ல உதாரணம். 22 காரட் என்பது 24இல் 22, அதாவது 11/12, சதவீதத்தில் 91⅔. முத்திரையோ ஆயிரத்தில் 916 பங்கு என்று சொல்கிறது. 916/1000ஐ 4ஆல் வகுத்தால் 229/250. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள், ஆனால் ஒன்றல்ல. ஒரு சவரன் 8 கிராமில் ஒன்று 7.328 கிராம், மற்றொன்று 7.333 கிராம். தேர்வில் 91.6% என்று கொடுத்து எளிய வடிவம் கேட்டால் 229/250தான் விடை. 91⅔% என்று கொடுத்தால் 11/12. கேள்வியில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும், நமக்குத் தோன்றுவதை அல்ல. 33.33% என்று கொடுத்து, விடைகளில் 1/3 மட்டும் இருந்து 3333/10000 இல்லையென்றால், கேட்டவர் தோராயமாகக் கேட்கிறார் என்று பொருள்; அப்போது 1/3ஐக் குறிக்கலாம்.

மனப்பாடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐம்பது வரி அட்டவணையை உருப்போடச் சொல்லும் பயிற்சிப் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வறையில் ஒரு வரி மறந்தால் மீதி வரியிலும் சந்தேகம் வந்துவிடும். 1/2, 1/4, 1/8, 1/16 என்ற பாதியாகும் வரிசையும், 1/3, 1/6, 1/12 என்ற வரிசையும் கைவசம் இருந்தால் போதும். முதல் வரிசை நம் வீட்டுச் சொத்து. அரை 50, கால் 25, அரைக்கால் 12½, வீசம் 6¼. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைகள் காலே அரைக்கால் என்று சொன்னால் அது 3/8, நம் கணக்கில் 37½ சதவீதம். அரையே அரைக்கால்தான் உங்கள் 62½. முக்காலே அரைக்கால் 87½. இதே வாய்பாட்டில் மா என்பது 1/20, அதாவது 5 சதவீதம். இருமா 10, மும்மா 15, நாலுமா 20. காணி 1/80, அதாவது 1¼ சதவீதம். இந்தப் பெயர்கள் எல்லாமே 2ஆலும் 5ஆலும் கட்டியவை. 1/3க்கு அந்த வரிசையில் இடம் இல்லாமல் போனதும் அதனால்தான்.

நகைக்கடைக்காரர் சேதாரம் 12.5 சதவீதம் என்று சொன்னால், அரைக்கால் என்று மனதில் மாற்றுங்கள். சவரன் 8 கிராம், அதில் அரைக்கால் 1 கிராம். சவரனுக்கு ஒரு கிராம் தங்கத்தின் விலையைச் சேதாரமாகக் கொடுக்கிறோம் என்று அந்த நொடியில் தெரிந்துவிடும். பேரம் பேசுவதற்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

மாற்றத் தெரிந்த பிறகும் தவறு வரும் இடம் ஒன்று உண்டு. எது அந்த நூறு என்று பார்க்காமல் பின்னத்தைப் போட்டுவிடுவது. ஓட்டலில் பிரியாணி பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 1/20. வரி சேர்த்து 210 ரூபாய் பில் வந்தால், வரி எவ்வளவு? 210இல் 1/20 எடுத்தால் பத்தரை ரூபாய் வரும், அது தவறு. உணவின் விலை 20 பங்கு, வரி 1 பங்கு, இரண்டும் சேர்ந்து 21 பங்கு. வரி 210இல் 1/21, பத்து ரூபாய். 18 சதவீத வரி என்றால் 9/50. வரி சேர்ந்த தொகையில் அது 9/59. ஆடித் தள்ளுபடியில் 20 சதவீதமும் அதன்மேல் 10 சதவீதமும் என்று பலகை வைத்திருந்தால் 30 சதவீதம் என்று கூட்டிவிடாதீர்கள். கொடுக்க வேண்டியது 4/5இல் 9/10, பெருக்கினால் 18/25, அதாவது 72 சதவீதம். குறைந்தது 28தான். கால் பங்கு குறைந்த விலை பழைய நிலைக்கு வர மூன்றில் ஒரு பங்கு ஏற வேண்டும் என்பதையும் பின்னத்தில் போட்டால் ஒரே வரியில் காட்டலாம்: மீதி இருப்பது 3 பங்கு, ஏற வேண்டியது 1 பங்கு. 25, 33⅓ என்று சதவீதத்திலேயே பேசிக்கொண்டிருந்தால் இது புதிராகவே இருக்கும். தேர்வில் இந்த வகைக் கேள்வி வந்தால் முதல் வேலையாகப் பின்னத்துக்கு மாறிவிடுங்கள்.

நூறுக்கு மேலே போனாலும் விதி மாறாது. 125 சதவீதம் 5/4, ஒன்றேகால். 250 சதவீதம் 5/2, இரண்டரை. விடை ஒன்றைவிடப் பெரிதாக வந்துவிட்டதே என்று அழிக்க வேண்டாம்.

சரிபார்க்க ஒரு வழி: கிடைத்த பின்னத்தை நூற்றால் பெருக்குங்கள், பழைய சதவீதம் திரும்ப வர வேண்டும். 5/8 என்றால் 500/8, அது 62.5. பிறகு தொகுதியும் பகுதியும் இரட்டைப்படையாக இருக்கின்றனவா, இரண்டும் 5ஆல் போகின்றனவா என்று ஒரு பார்வை. முதல் சோதனை மதிப்பு சரியா என்று சொல்லும், இரண்டாவது சுருங்கிவிட்டதா என்று சொல்லும். 10/16 என்று நிறுத்தியவருக்கு முதல் சோதனையில் ஒன்றும் தெரியாது, இரண்டாவதில் பிடிபடுவார்.

இவற்றைப் போட்டுப் பாருங்கள்: 45%, 2.5%, 37½%, 140%, 11 1/9%. விடைகள் வரிசையாக 9/20, 1/40, 3/8, 7/5, 1/9. கடைசிக் கணக்கில் 100/9 என்ற படியை எழுதாமல் தாண்டினால்தான் தவறு வரும். அந்த ஒரு வரியை மட்டும் தாளில் எழுதிவிட்டுப் போங்கள்.